வாசித்தவருக்குரிய ஊதியத்தைக் கொடுங்கள்: விழாக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

விழாக் குழுவின் தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் உறுப்பினர்கள் கவனத்திற்கு,

அயர்லாந்தில் வாழும் தமிழர்களாகிய நாம் நடத்திய பொங்கல் விழா முடிந்தபின் கூடிய நம் குழு, உள்ளூர் இசைக் கலைஞர்களுக்கு இனி ஊதியம் தரத் தேவையில்லை என்றும், நம் மேடையே அவர்களுக்கு ஒரு வாய்ப்பு என்றும் தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறது. அந்தத் தீர்மானத்தைக் காரணம் காட்டி, விழாவில் நாற்பது நிமிடம் பாடியும் ஃபிடில் வாசித்தும் சென்ற அயர்லாந்துக் கலைஞருக்குப் பேசியிருந்த தொகையும் நிறுத்தப்பட்டுவிட்டது. இதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. கூட்டத்தில் நான் எழுந்தபோது நேரமாகிவிட்டது என்று சொல்லி உட்கார வைத்தீர்கள். அங்கே சொல்ல முடியாமல் போனதை எல்லோரும் படிக்கும்படி இங்கே எழுதுகிறேன்.

அந்தக் கலைஞரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் பெயரைத் தவிர்க்கிறேன்; குழுவில் உள்ள எல்லோருக்கும் அவரைத் தெரியும். அயர்லாந்தின் மேற்குக் கரையில் கிளேர் மாவட்டத்தில் பிறந்தவர். எந்த இசை நிறுவனத்தோடும் ஒப்பந்தம் இல்லாமல், தானே பாட்டு எழுதி, ஒலிப்பதிவுக்குத் தானே பணம் புரட்டி, ஆல்பத்தைத் தானே வெளியிட்டு, தானே வண்டி ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பாடுகிறவர். நான் டப்ளினுக்கு வந்த புதிதில் நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் ஆளுக்கோர் அறை எடுத்துக் குடியிருந்தோம். அவருடைய வரவு செலவு நோட்டைச் சமையலறை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, வரிக் கணக்குக் கொடுக்கும் மாதத்தில் ரசீதுகளைச் சேர்ந்து கூட்டியிருக்கிறோம். விழாவில் அவருக்கு மிருதங்கம் வாசித்ததும் நான்தான். எனக்கு வேறு வேலை இருக்கிறது, மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது, ஆகவே நம் விழாவில் நான் காசு வாங்காமல் வாசிப்பது என் விருப்பம். அவருக்கு இதுதான் வேலை.

அந்த நாற்பது நிமிடத்துக்குப் பின்னால் என்ன இருந்தது என்பது குழுவுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை என்பதால் சொல்கிறேன். பாரதியார் பாட்டு ஒன்றும் பாடினால் நன்றாக இருக்கும் என்று கேட்டது நாம். அவர் தமிழ் வரிகளைத் தம் எழுத்தில் பென்சிலால் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு, எந்த இடத்தில் குரல் வழுக்கிச் செல்கிறது, எந்த இடத்தில் அசைகிறது என்பதற்கு வளைகோடுகள் போட்டு வைத்திருந்தார். ஒவ்வொரு வரிக்கும் பொருள் கேட்டு, அது புரிந்த பிறகுதான் பாடத் தொடங்கினார். ரீல் என்ற அயர்லாந்து நடனமெட்டு, எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளத்தில் சிரமமில்லாமல் உட்கார்ந்துவிட்டது. ஜிக் என்ற இன்னொரு நடனமெட்டு வந்தபோது, மும்மூன்றாக எண்ணும் திஸ்ர நடைக்கு மாற வேண்டியிருந்தது. ஒன்பது எண்ணிக்கையில் ஓடும் ஸ்லிப் ஜிக்கை மூன்று அடி ரூபகத்தில் திஸ்ர நடையாக வைத்துப் பார்க்கலாமே என்று நான் சொன்னதும், அதைக் கையால் தட்டிப் பழகிக்கொண்டு மறுவாரம் வந்தார். வேலை முடிந்து நான் வீடு திரும்பும் மாலை நேரங்களுக்கு ஏற்பத் தம் மாணவர்களின் வகுப்புகளைத் தள்ளி வைத்தார். அந்த வகுப்புகளின் வருமானமும் போயிற்று.

அதே விழாவுக்கு மண்டப வாடகை கொடுத்தோம். ஒலி, ஒளி அமைத்தவருக்குக் கொடுத்தோம். சாப்பாடு, பூ, பதாகை எல்லாவற்றுக்கும் கொடுத்தோம். சென்னையிலிருந்து அழைத்த பின்னணிப் பாடகருக்கு விமானச் சீட்டு, ஹோட்டல் அறை, முன்பணம் ஆகியவற்றைக் குறைவில்லாமல் செய்தோம். அது சரியான செயல், அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அயர்லாந்துக் கலைஞருக்கு மட்டும் பொன்னாடையும் நினைவுப் பரிசும் போதும் என்று எந்த நியாயத்தில் முடிவு செய்தோம்? கூட்டத்தில் சொல்லப்பட்ட காரணங்களை நான் குறித்துக்கொண்டேன். அவற்றுக்கு நான் அறிந்த அளவில் பதில் சொல்கிறேன்.

முதலில் சொல்லப்பட்டது, இந்த நாட்டில் பப்புகளில் எல்லோரும் சும்மாதானே வாசிக்கிறார்கள் என்பது. பார்ப்பவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். ஒரு மூலையில் ஏழெட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து ஃபிடில், புல்லாங்குழல், கான்செர்ட்டினா என்ற சிறு துருத்திக் கருவி, போரான் என்ற கைப்பறை என்று வாசித்துக்கொண்டிருப்பார்கள். மேடை இருக்காது, டிக்கெட் இருக்காது, யாரும் யாரையும் அறிமுகப்படுத்த மாட்டார்கள். இதற்கு செஷன் என்று பெயர். ஆனால் வழக்கமாக நடக்கும் பல செஷன்களில், அந்த வட்டத்தை நடத்திச் செல்ல இரண்டு பேரையோ மூன்று பேரையோ பப்பின் உரிமையாளர் காசு கொடுத்து அமர்த்தியிருப்பார். எத்தனை மணிக்குத் தொடங்குவது, எந்த மெட்டுக்குப் பின் எந்த மெட்டு, புதிதாக வந்தவரை எப்படி உள்ளே சேர்த்துக்கொள்வது என்று பார்ப்பது அவர்கள் வேலை. மற்றவர்கள் வந்து சேர்ந்து வாசிப்பது தங்கள் மகிழ்ச்சிக்காகவும், ஒருவரிடமிருந்து ஒருவர் மெட்டுகளைக் கற்றுக்கொள்வதற்காகவும். அவர்கள் விரும்பினால் நடுவில் எழுந்து போகலாம், பேசிக்கொண்டிருக்கலாம். நாம் அழைத்தவரோ, நாம் சொன்ன நேரத்தில், நாம் சொன்ன நிமிடம் வரை, நாம் கேட்ட பாட்டோடு நம் மேடையில் நின்றார். செஷனில் வந்து உட்கார்ந்து வாசிப்பவரையும் நிகழ்ச்சிக்கு அமர்த்தப்பட்டவரையும் இந்த நாட்டில் யாரும் ஒன்றாக வைப்பதில்லை. இசையைக் காசால் அளக்காத அந்த வட்டத்தை நாம் நம் சிக்கனத்துக்குச் சாட்சியாக அழைப்பது அந்த மரபுக்குச் செய்யும் அநீதி.

இந்த ஊரில் பெரிய ஆளானவர்கள் எல்லாம் தெருவில் பாடித்தான் வந்தார்கள், மேடை கிடைத்ததே பெரிது என்று இன்னொருவர் பேசினார். ஆஸ்கர் விருது பெற்ற பாடகர் கிளென் ஹான்சர்டின் பெயரையும் சொன்னார். அவருடைய வாழ்க்கையைச் சற்று நிதானமாகப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். 1970இல் பிறந்து டப்ளினின் பாலிமன் பகுதியில் வளர்ந்த ஹான்சர்ட், 13 வயதில் பள்ளியை விட்டு கிராஃப்டன் தெருவில் பாட வந்தார். தெருவில் பாடுவது இலவசமாகப் பாடுவது அல்ல. கிட்டார் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பவருக்கு, நின்று கேட்டவர்கள் அதே இடத்தில் நாணயம் போட்டார்கள். பிடிக்காதவர்கள் நடந்து போனார்கள். 1990இல் தி ஃப்ரேம்ஸ் என்ற இசைக்குழுவைத் தொடங்கினார். பெரிய நிறுவன ஒப்பந்தம் கிடைத்தது, முதல் ஆல்பத்தோடு போயிற்று. பின்னர் வேறொரு நிறுவனம் வந்தது, அதுவும் நீடிக்கவில்லை. கடைசியில் பிளாட்டோ (Plateau) என்று சொந்தமாக ஒரு வெளியீட்டகத்தை வைத்துக்கொண்டு 2001இல் ஆல்பத்தைத் தாங்களே வெளியிட்டார்கள். ஆஸ்கர் வந்தது 2008இல். குழு தொடங்கிய ஆண்டிலிருந்து கணக்கிட்டால் 18 ஆண்டுகள். அந்த 18 ஆண்டுகளும் அவரைத் தாங்கியவர்கள், சிறிய அரங்குகளில் டிக்கெட் வாங்கி உள்ளே வந்த சாதாரண மக்கள்தாம். வாய்ப்புத் தருகிறோம் என்று சொல்லிக் கூலியை மறுத்தவர்களால் அவர் வளரவில்லை.

அதே கிராஃப்டன் தெருவில் அவரோடு நின்று பாடியவர் மிக் கிறிஸ்டோஃபர். அவரைப் பற்றி நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். மேரி ஜேன்ஸ் என்ற குழுவில் இருந்து, பின்னர் தனியாகப் பாடத் தொடங்கி, தம் முதல் தனி ஆல்பத்துக்கான வேலையில் இருந்தவர். 2001 நவம்பரில் தி வாட்டர்பாய்ஸ் இசைக்குழுவின் நிகழ்ச்சிகளில் அவர்களுக்கு முன்பாகத் தொடக்கத்தில் பாடச் சென்ற இடத்தில், நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் படியில் விழுந்து, 32 வயதில் இறந்துபோனார். அவர் விட்டுச் சென்ற ஒலிப்பதிவுகளை நண்பர்கள் முடித்து மறுஆண்டு ஆல்பமாக வெளியிட்டார்கள். அவர் பாட்டு ஒன்று கின்னஸ் விளம்பரத்தில் ஒலித்து வீடு வீடாகச் சென்று சேர்ந்தபோது அவர் உயிரோடு இல்லை. நாளைக்குப் பெயர் கிடைக்கும், அதற்காக இன்றைக்குச் சும்மா பாடு என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வருகிறது. சுயாதீனக் கலைஞருக்கு அந்த 'நாளைக்கு' என்பது வரும் என்று யார் உறுதி தர முடியும்?

அரசாங்கம் கலைஞர்களுக்கு வாரந்தோறும் பணம் கொடுக்கிறதே என்பது மூன்றாவது காரணம். உண்மைதான், 2022இல் அயர்லாந்து அரசு கலைத்துறையினருக்கான அடிப்படை வருமானத் திட்டத்தைச் சோதனை முறையில் தொடங்கியது. வாரம் 325 யூரோ. எடுத்துக்கொள்ளப்பட்டவர்கள் 2,000 பேர். விண்ணப்பித்தவர்கள் 9,000 பேருக்கு மேல். தகுதியுள்ளவர்களிலிருந்து குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தார்கள். ஓவியர், எழுத்தாளர், நாடகக்காரர், இசைக் கலைஞர் எல்லோருக்கும் சேர்த்துத்தான் அந்த 2,000 இடங்கள். நம் கலைஞர் விண்ணப்பித்தார்; குலுக்கலில் அவர் பெயர் வரவில்லை. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் இதை நிரந்தரமாக்குவதாக அரசு அறிவித்தது எனக்கும் மகிழ்ச்சியே. ஆனால் நாட்டின் வரிப்பணத்தில் யாரோ சிலருக்குக் கிடைக்கும் உதவி, நம் மேடையில் பாடியவருக்கு நாம் பட்ட கடனை எப்படித் தீர்க்கும்? மருத்துவமனையில் வேலை செய்கிற நம் சகோதரிகளிடம், அரசு உங்களுக்குக் குழந்தைகள் நலப்படி தருகிறது, ஆகவே இந்த மாதம் சம்பளம் இல்லை என்று சொன்னால் நாம் ஒப்புக்கொள்வோமா?

கலைஞர்களுக்கு வரியே கிடையாது என்றும் ஒருவர் சொன்னார். 1969 முதல் இந்த நாட்டில் இருக்கும் வரிச்சலுகை, பாட்டு இயற்றுவது போன்ற படைப்பால் வரும் வருமானத்துக்கு ஓர் உச்சவரம்புக்குள் பொருந்தும். மேடையில் வாசித்துப் பெறும் ஊதியத்துக்குப் பொருந்தாது. நம் கலைஞர் நம்மிடம் ஊதியம் வாங்கியிருந்தால் அதற்கு வரி கட்டியிருப்பார். சுயதொழில் செய்பவர் என்ற வகையில் சமூகக் காப்பீட்டுத் தொகையும் கட்டுகிறார். ஆனால் அந்த வகையில் கட்டுபவருக்கு, நோயில் படுத்தால் நம்மைப் போன்ற ஊழியர்களுக்குக் கிடைக்கும் நோய்ப்படி கிடைப்பதில்லை. தொண்டை கட்டிக்கொண்டால் அந்த வாரம் வருமானம் இல்லை, அவ்வளவுதான்.

இணையத்தில் பாட்டு ஓடுகிறதே, அதில் பணம் வருமே என்று கேட்டவர்களுக்கும் சொல்ல வேண்டும். ஒரு பாட்டு ஒரு முறை கேட்கப்பட்டால் கிடைப்பது ஒரு சென்ட்டில் ஒரு சிறு பங்கு. 2024 முதல் ஸ்பாட்டிஃபையில், கடந்த 12 மாதங்களில் 1,000 முறைகூடக் கேட்கப்படாத பாட்டுக்கு ஒலிப்பதிவு உரிமைத் தொகையே இல்லை. அவருடைய பாடல்களில் சிலவற்றுக்கு அப்படி வந்துகொண்டிருந்த சில்லறையும் நின்றுபோனது. அவருக்குச் சோறு போடுவது நேரடி நிகழ்ச்சிகளும், நிகழ்ச்சி முடிந்ததும் வாசலில் மேசை போட்டு விற்கும் இசைத்தட்டுகளும், ஃபிடில் வகுப்புகளும்தான். நம் மண்டபத்தில் அந்த மேசையைப் போடவும் இடம் தரவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். வரவேற்புக் கூடத்தில் நகைக்கடைக்கும் பணம் அனுப்பும் நிறுவனத்துக்கும் இடம் இருந்தது.

ஒரு நல்ல நிகழ்ச்சியில் அவருக்கு என்ன மிஞ்சும் என்பதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். வெளியூரில் ஒரு சிறிய அரங்கு; டிக்கெட் எல்லாம் விற்றுவிட்டது; கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. நள்ளிரவுக்குப் பின் வண்டியில் உட்கார்ந்து, உள்விளக்கைப் போட்டுக்கொண்டு, வசூலில் அரங்கின் பங்கைக் கழித்தார். ஒலிப் பொறியாளருக்கான தொகையை ஓர் உறையில் போட்டார். டிரம் வாசித்தவருக்கும் பேஸ் வாசித்தவருக்கும் ஆளுக்கோர் உறை. டீசல், வண்டி வாடகை, சுவரொட்டி அச்சுக் கூலி ஆகியவற்றை நோட்டில் எழுதினார். மற்ற மூவருக்கும் பேசியது பேசியபடி போய்ச் சேர்ந்த பிறகு தமக்கென்று மிஞ்சிய 80 யூரோவை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார். கூட வாசித்தவரின் கூலியில் அவர் ஒருபோதும் கை வைத்ததில்லை. நம் குழுவின் வங்கிக் கணக்கில் விழாவுக்குப் பிறகும் மிச்சம் இருந்தது என்று பொருளாளரே அறிக்கையில் படித்தார்.

இதைவிட எனக்கு வலிப்பது காணொளி விஷயம். அவருடைய நிகழ்ச்சி முழுவதையும் பதிவு செய்து, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நம் யூடியூப் பக்கத்தில் ஏற்றியிருக்கிறோம். அதில் அவர் இன்னும் வெளியிடாத புதிய பாட்டு ஒன்று இருக்கிறது. அந்தப் பாட்டை முன்னிறுத்தித்தான் அடுத்த ஆல்பத்துக்கு முன்பதிவுகள் திரட்ட எண்ணியிருந்தார். பின்னால் நிறுவனம் எதுவும் இல்லாதவருக்கு, ஒரு பாட்டு முதன்முதலில் வெளிவரும் நாள் என்பது அந்த ஆண்டின் வருமானத்தையே தீர்மானிப்பது. இந்நாட்டின் 2000ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், மேடைக் கலைஞரின் சம்மதம் இல்லாமல் அவர் நிகழ்ச்சியைப் பதிவு செய்து பொதுவில் வெளியிடும் உரிமையை நமக்குத் தரவில்லை. சட்டத்தை விடுங்கள், நம் வீட்டுக்கு வந்த விருந்தினரின் பொருளைக் கேட்காமல் எடுத்துப் பிறருக்குக் கொடுப்போமா?

விழாவின் வரவேற்புரையில், பாணருக்குப் பொற்றாமரை சூட்டிய புரவலர்களைப் பற்றி நாம் பெருமையோடு பேசினோம். அதை அடுத்து மேடை ஏறிய நம் கலைஞர் முதலில் வாசித்தது, அயர்லாந்தின் பழைய யாழ்க் கலைஞர் டர்லோ ஓ'கரோலனின் மெட்டு. 1670இல் பிறந்த ஓ'கரோலன் பெரியம்மையில் கண் பார்வையை இழந்தவர். மெக்டெர்மட் ரோ குடும்பத்துப் பெருமாட்டி அவர் யாழ் கற்க ஏற்பாடு செய்து, கற்று முடித்ததும் ஒரு குதிரையையும் வழித்துணைக்கு ஓர் ஆளையும் கைச்செலவுக்குப் பணத்தையும் கொடுத்து அனுப்பினார். 1738இல் இறக்கும் வரை ஓ'கரோலன் வீடு வீடாகச் சென்று வாசித்தார். உணவும் இடமும் பொருளும் கொடுத்து ஆதரித்த குடும்பங்களுக்கு மெட்டுகள் அமைத்துத் தந்தார். ஏறக்குறைய இருநூறு மெட்டுகள் இன்றும் எஞ்சியிருப்பதற்கு அந்த ஆதரவும் ஒரு காரணம். இந்த நாட்டின் அரசுச் சின்னம் யாழ். அயர்லாந்து வெளியிடும் யூரோ நாணயங்களிலும் அதுதான் இருக்கிறது. பாணரையும் யாழையும் இருவருமே தங்கள் மரபு என்று சொல்லிக்கொள்ளும் இரண்டு மக்கள் கூடிய அந்த மேடையில், கலைஞரை வெறுங்கையோடு அனுப்பியவர்கள் நாமாக இருந்தோம் என்பதை நினைக்க எனக்கு மனம் பொறுக்கவில்லை.

இன்னொன்றையும் யோசியுங்கள். இங்கே பிறந்து வளரும் நம் பிள்ளைகள் வயலினும் கிட்டாரும் மிருதங்கமும் கற்கிறார்கள். அவர்களில் ஒருவர் நாளை இசையைத் தொழிலாக எடுத்துக்கொண்டால், இந்தத் தீர்மானத்தின்படி அவரும் உள்ளூர்க் கலைஞர்தான்.

ஆகவே குழுவை நான் கேட்டுக்கொள்வது இவை. அந்தக் கலைஞருக்கு வாய்மொழியாகப் பேசிய தொகையை முழுவதுமாக, அடுத்த குழுக் கூட்டத்துக்கு முன்பே, வருத்தம் தெரிவிக்கும் ஒரு கடிதத்தோடு அவருடைய வங்கிக் கணக்கில் செலுத்துங்கள். காணொளியை இன்றே பொதுப் பார்வையிலிருந்து எடுத்துவிடுங்கள். அவர் பார்த்து, எழுத்து மூலம் சம்மதித்த பகுதிகளை மட்டும், அவர் பெயரோடும் அவருடைய ஆல்பம் கிடைக்கும் இடத்தின் இணைப்போடும் மறுபடி ஏற்றுங்கள். விழாவில் அவர் பாடிய பாடல்களின் பட்டியலை நான் எழுதித் தருகிறேன். பாடலாசிரியர், இசையமைப்பாளர் உரிமைத் தொகையைப் பகிர்ந்தளிக்கும் ஐஎம்ஆர்ஓ அமைப்பிடம் அவர் தமக்குரியதைக் கோருவதற்கு உதவியாக, நிகழ்ச்சி நடந்ததை உறுதி செய்து செயலாளர் கையொப்பமிட்டுத் தாருங்கள்.

உள்ளூர்க் கலைஞர்களுக்கு ஊதியம் தேவையில்லை என்ற தீர்மானத்தை அடுத்த கூட்டத்தில் வாக்கெடுப்புக்கு விட்டு நீக்குங்கள். அதற்குப் பதிலாக, இனி அழைக்கப்படும் எந்தக் கலைஞருக்கும், எந்த நாட்டவராக இருந்தாலும், தொகை, நேரம், பயணச் செலவு, ஒலி ஏற்பாடு, பதிவு செய்யும் உரிமை, இசைத்தட்டு விற்கும் மேசை ஆகியவற்றை அழைக்கும்போதே ஒரு பக்கத்தில் எழுதிக் கையொப்பமிடும் வழக்கத்தைக் கொண்டுவாருங்கள். கொடுக்கப் பணம் இல்லாத ஆண்டில் இல்லை என்று முன்கூட்டியே சொல்லுங்கள். வருவதா வேண்டாமா என்பதைக் கலைஞர் முடிவு செய்யட்டும். சித்திரைத் திருநாள் நிகழ்ச்சிக்கு என்னை மிருதங்கம் வாசிக்கக் கேட்டிருக்கிறீர்கள். மேலே சொன்ன தொகை அவருக்குப் போய்ச் சேர்ந்த தகவல் கிடைத்த பிறகே அதற்கு நான் சம்மதம் தெரிவிப்பேன்.

இங்ஙனம்,
விழாவில் அவருக்கு மிருதங்கம் வாசித்த உறுப்பினர்